கருவிக்கு வைத்த தேர்வு

தமிழாசிரியன் ஒருவன் பணி ஓய்வு பெற்றபின் என்ன செய்வான்? பழைய நூல்களைப் புரட்டுவான். கேட்பார் கிடைத்தால் பாடம் சொல்லுவான். கிடைக்காவிடில் வீட்டாரைப் பிடித்துவைத்து இலக்கணம் பேசுவான். நானும் இவற்றையெல்லாம் செய்து பார்த்தேன். பின்னர், யாரும் எதிர்பாராத ஒரு வேலையில் இறங்கினேன். கணிப்பொறிக்குள் இருந்து சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றிற்குத் தேர்வு வைக்கத் தொடங்கினேன். நெடுங்காலம் பிள்ளைகளுக்கு வினாத்தாள் வரைந்த கை அன்றோ! சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை.

திருவையாற்று அரசர் கல்லூரியில் புலவர் பட்டத்திற்குப் படித்த நாளில் இவ்விளையாட்டு என்னைப் பற்றிக்கொண்டது. தஞ்சையில் பழைய புத்தகக் கடையொன்றில், அட்டை கிழிந்த ஆங்கில நூல் ஒன்று கிடைத்தது. இறுதியாட்டம் பற்றியே அமைந்த நூல் அது. ஆட்டத்தின் தொடக்கத்தில் பலகையில் முப்பத்திரண்டு காய்கள் நிற்கும். வெட்டுண்டு வெட்டுண்டு நான்கு, ஐந்து, ஆறு காய்களே எஞ்சும் நிலையை இறுதியாட்டம் என்பர். பார்ப்பதற்கு எளிது போலத் தோன்றும். உள்ளே புகுந்தால் ஆழம் தெரியும். நான்கடி வெண்பாவில் சொல் குறைவு என்பதனால் பொருள் எளிதாகிவிடுமா? அந்நூலில் கண்ட அருநிலைகளை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் படமாக வரைந்து வைத்துக்கொண்டேன். அக்குறிப்பேடு இன்றும் என்னிடம் உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் தன் மடிக்கணினியில் ஸ்டாக்ஃபிஷ் என்னும் நிரலைத் திறந்து காட்டினான். 2008-ஆம் ஆண்டு முதல் பலர் கூடி வளர்த்துவரும் நிரல் அது. எவரும் விலையின்றிப் பெறலாம். உலகப் பெருவீரர்களும் அதனோடு பொருது வெல்ல நினைப்பதில்லை.

“தாத்தா, இதை யாராலும் தோற்கடிக்க முடியாது” என்றான்.

“தோற்கடிக்க வேண்டாம். கேள்வி கேட்போம்” என்றேன்.

பேரன் காய்களைப் பலகையில் வைத்தான். நான் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். முதல் வினா, ரிச்சர்டு ரெட்டி என்பவர் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற நிலை. பலகையில் நான்கே காய்கள். வெள்ளை அரசன் வலப்பக்க மேல்மூலையில் தனித்து நிற்கிறான். கறுப்புக் காலாள் அவனை முந்திக்கொண்டு, அரசியாக உயர்வதற்கு நான்கடி தொலைவில் உள்ளது. வெள்ளைக்கும் ஒரு காலாள் உண்டு. ஆயின், அது பலகையின் மறுபுறத்தில் கறுப்பு அரசனின் கைக்கெட்டும் இடத்தில் நிற்கிறது. ஓடும் காலாளைத் துரத்தினாலும் எட்டாது. தன் காலாளைக் காக்கப் போனாலும் காலம் போதாது. வெள்ளை தோற்றுவிட்டது என்றே எவரும் சொல்வர். ரெட்டியோ அரசனை மூலைவாட்டாக நடத்தினார். சதுரங்கப் பலகையில் குறுக்கே செல்வதும் நேரே செல்வதும் ஒரே அளவு காலம் பிடிப்பவை. ஆகவே, ஓரடி வைக்கும்போதே அரசன் இரண்டு இலக்குகளையும் நெருங்குகிறான். எதிரி ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று கைகூடும். முடிவு சமன். இவ்விடையைக் காண எனக்கு அந்நாளில் மூன்று இரவுகள் பிடித்தன. கருவிக்கு இமைப்பொழுதும் வேண்டியிருக்கவில்லை. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கண்டும் காணாதவன் போல் இருந்தேன்.

அடுத்து, 1998-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு லினாரஸ் நகரில் டோப்பலோவும் ஷிரோவும் ஆடிய ஆட்டம். கறுப்புக் காய்களுடன் ஆடிய ஷிரோவுக்கு இரண்டு காலாட்கள் மிகுதி. ஆயினும், இருவரிடமும் எஞ்சிய அமைச்சர்கள் வேறு வேறு நிறக் கட்டங்களில் இயங்குவோர். அத்தகைய நிலையில் இரண்டு காலாள் மிகுதியும் பெரும்பாலும் பயன் தராது. ஆட்டம் சமனில் முடியும். ஷிரோவின் அரசன் பலகையின் நடுவே விரைந்து புகவேண்டும். வழியில் அவருடைய அமைச்சரே நிற்கிறார். அவரை வேறிடம் நகர்த்தலாம்; அதற்குள் வெள்ளை அரசன் நடுவே வந்து வழியை அடைத்துவிடுவான். ஷிரோவ் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைக் காலாள் ஒன்று வெட்டுமாறு, அதன் வாயிலேயே தம் அமைச்சரைக் கொண்டுபோய் வைத்தார். வெட்டாவிட்டால் அக்காலாள் போகும். வெட்டினாலோ ஒரு நகர்த்தல் கழிந்துபோம். அந்த ஒரு நகர்த்தலே அவருக்கு வேண்டியது. அரசன் உள்ளே புகுந்தான். சில நகர்த்தல்களில் டோப்பலோவ் ஆட்டத்தைக் கைவிட்டார்.

அந்நாளைய நிரல்களுக்கு இந்நகர்த்தல் எளிதில் எட்டவில்லை. அதனால், புதிய நிரல்களைச் சோதிப்போர் பல்லாண்டுகள் இந்நிலையையே உரைகல்லாக வைத்திருந்தனர். எங்கள் கருவியோ சில நொடிகளில் கண்டுவிட்டது. நான் குறிப்பேட்டை மூடிவிட எண்ணினேன். எனினும், தேர்வு வைத்துப் பழகியவனுக்கு ஓர் ஐயம் எழும். விடை சரியாக இருக்கிறது. வழி சரியாக இருக்கிறதா? வகுப்பில் சில பிள்ளைகள் அருகிருப்பவன் தாளைப் பார்த்து விடை எழுதுவர். சிலர் குருட்டாம்போக்கில் எழுதுவர். விடைத்தாளில் இருவரும் ஒன்றே. ஆகவே, கருவி எவ்வாறு எண்ணுகிறது என்பதை அறியவேண்டும் என்று துணிந்தேன்.

அது எண்ணும் முறை இது: தனக்குரிய நகர்த்தல்களையும், அவற்றிற்கு எதிரியின் மறுமொழிகளையும், அவற்றிற்குத் தன் மறுமொழிகளையும் என்று கிளைகிளையாக விரித்துச் செல்லும். ஓர் ஆழத்தில் நின்று, அந்நிலை யாருக்கு நலம் என்று ஓர் எண்ணால் மதிப்பிடும். கிளைகள் கோடிக்கணக்கில் பெருகுமாதலால், பயனற்றவை என்று தோன்றுவனவற்றை இடையிலேயே வெட்டிவிடும். வெட்டுவதற்கு அது கையாளும் உத்திகளுள் ஒன்று வியப்பானது. ‘இப்பொழுது நான் நகர்த்தாமல் சும்மா இருந்தாலும் என் நிலை நன்றாக இருக்குமானால், நகர்த்தினால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும்?’ என்று கொண்டு, மேலும் ஆராயாமல் கடந்துவிடும். ஆட்டத்தின் நடுவில் இது பெரும்பாலும் பொருந்தும். இறுதியாட்டத்திலோ, நகர்த்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயமே கேடாய் முடியும் நிலைகள் உண்டு. இரண்டு அரசர்கள் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் தத்தம் காலாளைக் காத்துக்கொண்டு மற்றவர் காலாளையும் குறிவைத்து நிற்பதாகக் கொள்ளுங்கள். யார் முதலில் அசைகிறாரோ அவர் தோற்பார். இங்கே சும்மா இருத்தலே சுகம். ஆனால், ஆட்டவிதி அதற்கு இடந்தராது. இத்தகைய நிலைகளுக்கென்று தனிக் காவல் வைக்காத நிரல் வழுக்கி விழும். அதனாலேயே சோதிப்போர் இறுதியாட்டத்தை நாடுகின்றனர்.

எங்கள் கருவியும் ஓரிடத்தில் விழுந்தது. 2017-ஆம் ஆண்டில் ரோஜர் பென்ரோஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞரின் பெயரால் அமைந்த நிறுவனம் ஒரு நிலையை வெளியிட்டது. கறுப்புக்கு ஓர் அரசி, இரண்டு யானை, மூன்று அமைச்சர்; வெள்ளைக்கு அரசனும் நான்கு காலாட்களும் மட்டுமே. கேட்டவுடன் நகைப்பு வரும். ஆனால், கறுப்பின் அரசியும் யானைகளும் அரசனும் ஒரு மூலையில் தம் காலாட்களோடும் வெள்ளைக் காலாட்களோடும் பின்னிப் பிணைந்து, ஓரடியும் அசைய இயலாமல் கிடக்கின்றன. அசையக்கூடியவர் அமைச்சர் மூவரே. அம்மூவரும் கருங்கட்டங்களில் மட்டுமே செல்வோர். வெள்ளை அரசன் வெண்கட்டங்களிலேயே உலாவிக்கொண்டிருந்தால் அவனை யார் தீண்ட முடியும்? ஒரு தூண்டில் மட்டும் உண்டு. வெள்ளைக் காலாட்கள் விரும்பினால் யானையை வெட்டலாம். வெட்டினாலோ மூலை திறந்துகொள்ளும். அரசி வெளிப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். கைக்கெட்டிய யானையை வெட்டாமல் விட்டால் ஆட்டம் சமன்.

பேரன் இதனைக் கண்டுகொள்ள ஐந்து நிமிடமாயிற்று. கருவியோ கறுப்புக்கே பெருவெற்றி என்று எண் காட்டிக்கொண்டிருந்தது. “ஆடிப் பார்” என்றேன். பேரன் வெள்ளை அரசனை வெண்கட்டங்களில் முன்னும் பின்னும் நடத்தினான். கருவி மூன்று அமைச்சரையும் வீணே அலைத்தது. காய் வெட்டாமலும் காலாள் நகர்த்தாமலும் இரு தரப்பாரும் ஐம்பது ஐம்பது நகர்த்தல் ஆடிவிட்டால் சமன் கேட்கலாம் என்பது விதி. அவ்வெல்லை நெருங்கும் வரை தான் வெல்வதாகவே அது எண்ணிக்கொண்டிருந்தது. பேரன் கைகொட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்?

அப்படிச் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பியவன், மேலே படிக்க மாட்டாமல் நின்றுவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஐந்து காய்கள் வரையப்பட்டிருந்தன. ஒருபுறம் அரசனும் இரண்டு அமைச்சரும். மறுபுறம் அரசனும் ஒரு குதிரையும். கிளிங், ஹார்விட்ஸ் என்னும் இருவர் 1851-ஆம் ஆண்டில் ஆராய்ந்து கண்ட நிலை. குதிரை மூலைக்கு அண்மையில் நின்று, தன் அரசன் அருகிருக்கப்பெற்றால் அமைச்சர்களால் அதனை அசைக்க முடியாது. ஆட்டம் சமன் என்பது அவர்கள் முடிபு. நூல்கள் எல்லாம் அதனையே வழிமொழிந்தன. படத்தின் அடியில், ‘சமன். ஐயமில்லை’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதனருகே வேறொரு கையெழுத்தில், பென்சிலால், ஒரு கேள்விக்குறி.

1988-ஆம் ஆண்டு அது. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றினேன். மாலை வேளையில் சில மாணவர்க்குச் சதுரங்கம் கற்பித்து வந்தேன். ஒருநாள் இந்நிலையைப் பலகையில் வைத்து, நூல் கூறியவாறே விளக்கினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, இந்தக் குதிரையை விரட்டிவிடலாம் போலத் தோன்றுகிறது” என்றான்.

“அப்படியானால் விரட்டிக் காட்டு” என்று எதிரே அமர்ந்தேன்.

அவன் அமைச்சர்களைக் கொண்டு நெருக்கினான். உண்மையாகவே என் குதிரை அந்த மூலையை விட்டு வெளியே வர நேர்ந்தது. ஆயினும், அவனால் அதனைப் பிடிக்க இயலவில்லை. நான் வேறொரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மறுபடியும் நெருக்கினான். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, “ஐம்பது ஆயிற்று, எழுந்திரு” என்றேன்.

“அந்த ஐம்பது யார் வைத்த கணக்கு, ஐயா?” என்று கேட்டான்.

மற்றைய பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர். நூறாண்டுகளுக்கு மேலாகப் பேரறிஞர் கண்ட முடிபை நீ மாற்றப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தேன். ஆசிரியர் சிரித்தால் வகுப்பும் சிரிக்கும். அவன் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்குறியை அவன் எப்பொழுது இட்டான் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் முதல் அவன் சதுரங்கத்திற்கு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

“தாத்தா, இதை வைக்கட்டுமா?” என்று பேரன் கேட்டான். வை என்றேன்.

கருவி அமைச்சர்கள் பக்கமே நலம் என்று எண் காட்டியது. ஆனால், சற்று முன்தான் அதன் எண் பொய்த்ததைக் கண்டிருந்தோம். இதனை எப்படி நம்புவது? அப்பொழுது பேரன் இறுதியாட்ட அட்டவணை என்று ஒன்று உண்டென்று சொல்லி, அதனைத் திறந்தான். இது கிளைவிரித்து மதிப்பிடும் முறையன்று. அரசன் சிறைப்பட்ட இறுதி நிலைகளை எல்லாம் முதலில் எழுதிக்கொண்டு, அவற்றிற்கு ஒரு நகர்த்தல் முந்திய நிலைகள் யாவை, அவற்றிற்கும் முந்தியவை யாவை என்று பின்னோக்கிச் சென்றுகொண்டே இருப்பது. அவ்வகைக் காய்களால் அமையக்கூடிய நிலை ஒன்றுகூட விடுபடாமல் முடிவு எழுதிவைப்பது. ஈண்டு மதிப்பீட்டிற்கு இடமில்லை. ஐந்து காய்கள் வரையுள்ள அட்டவணை இக்காலத்தில் ஏறத்தாழ ஒரு கிகாபைட்டில் அடங்கிவிடுகிறது. 2018-இல் நிறைவேறிய ஏழு காய் அட்டவணைக்கோ ஏறத்தாழ 17 டெராபைட் இடம் வேண்டும். இரண்டு காய் கூடியதற்கு எத்துணைப் பெருக்கம், பாருங்கள்!

இத்துறையில் முன்னோடியாக உழைத்தவர்களுள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கென் தாம்சன் ஒருவர். 1970-களின் இறுதியில் அவர் செய்த சோதனை ஒன்று சுவையானது. அரசி ஒருபுறம், யானை மறுபுறம் என்றால் அரசி வெல்லும் என்பது பாலபாடம். வால்ட்டர் பிரௌன் என்னும் அமெரிக்கப் பெருவீரர் அரசியை எடுத்துக்கொண்டார். யானையைக் கருவி ஆடியது. அரசனை விட்டு யானையைப் பிரிக்காதே என்று நூல்கள் சொல்லும். அட்டவணை கற்ற கருவியோ வேண்டுமிடத்தில் தயங்காமல் பிரித்தது. 31 நகர்த்தலில் முடிந்திருக்க வேண்டிய வேலையை 50 நகர்த்தலிலும் பிரௌன் முடிக்கவில்லை. பின்னர் ஆராய்ந்து கற்று மீண்டும் வந்து ஆடியபோது, சரியாக ஐம்பதாவது நகர்த்தலில் யானையை வெட்டினார். மெச்சத் தக்கவர், தோற்ற இடத்திற்குத் திரும்பி வந்தாரே!

அதே தாம்சன்தான் 1983-ஆம் ஆண்டில் இரண்டு அமைச்சருக்கும் குதிரைக்கும் உரிய அட்டவணையைக் கணித்தார். ஏறத்தாழச் சமன் என்று உலகம் எண்ணியிருந்த இறுதியாட்டம் பெரும்பாலும் அமைச்சர்களுக்கே வெற்றி என்று தெரிந்தது. மிகக் கடினமான நிலையில் குதிரையைப் பிடிக்க 66 நகர்த்தல்கள் வேண்டும். கிளிங்கும் ஹார்விட்ஸும் கண்ட அரண் அரண் அன்று; குதிரையை அங்கிருந்து கிளப்பிவிடலாம்; அது வேறொரு மூலையை நாடி ஓடும்; மறுபடியும் கிளப்பவேண்டும். அன்று அம்மாணவன் செய்த வேலை இதுவே! ஐம்பது போதாத நிலைகள் இருந்தமையால், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அத்தகைய சில இறுதியாட்டங்களுக்கு எல்லையை நீட்டித்து வைத்திருந்தது. 1992-இல்தான் மீண்டும் யாவற்றிற்கும் ஐம்பது என்று ஆக்கியது. ‘அந்த ஐம்பது யார் வைத்த கணக்கு?’ என்று ஒரு சிறுவன் என்னைக் கேட்ட ஆண்டில் உலக அறிஞரும் அதனையே கேட்டுக்கொண்டிருந்தனர். விடையோ ஐந்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. என் கையில் இருந்த நூல் பழைய நூல்.

பழைய நூலை நம்பியது குற்றமன்று. எனக்கு வேறு நூல் கிடைக்கவுமில்லை. ஆனால், ஏடெழுதியோர் பிழையை ஏடு ஏடாக ஒப்பிட்டுத் திருத்தவேண்டும் என்று பாடம் கேட்டவன் நான். பாடபேதம் கண்டால் நின்று ஆராயவேண்டும் என்று மாணவர்க்குச் சொன்னவனும் நானே. என் குதிரை மூலையை விட்டுக் கிளம்பியதைக் கண்ணால் கண்டும், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளியின் பழைய மாணவர் சிலரை விசாரித்து, அவருடைய தொலைபேசி எண்ணைப் பெற இரண்டு வாரம் ஆயிற்று. திருச்சிராப்பள்ளியில் சிறு பட்டறை ஒன்று நடத்துகிறார். ஐம்பது வயது கடந்தவரை ‘அவன்’ என்று எழுத இனிக் கை வரவில்லை. பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். நலம் விசாரித்தபின், சதுரங்கப் பேச்சை எடுத்தேன். இரண்டு அமைச்சரும் குதிரையும் என்றேன்.

“நினைவிருக்கிறது, ஐயா. நீங்கள் சிரித்தீர்கள்” என்றார்.

அக்குரலில் சினம் இல்லை. நான் 1983-ஆம் ஆண்டுக் கணிப்பைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் சொன்னதே சரி. நான் சிரித்தது தவறு என்றேன். மறுமுனையில் பட்டறையின் ஓசை மட்டும் சிறிதுநேரம் கேட்டது.

“நான் ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, ஐயா. குதிரைக்குப் போக்கிடம் குறைவாக இருந்தது. அதனால் சொன்னேன். எப்படி முடிப்பது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது” என்றார்.

தேர்வாளனாக இருந்திருந்தால், வழி காட்டாத விடைக்கு எத்தனை மதிப்பெண் இடுவது என்று எண்ணியிருப்பேன். அன்று அவ்வெண்ணம் எழவில்லை.

“காய்கள் எங்கெங்கே இருந்தன? சொல்லுங்கள், ஐயா. என் மகள் ஆடுவாள். அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றார்.

குறிப்பேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். குதிரை, அதன் அரசன், எதிரரசன், அமைச்சர் இருவர். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். எத்தனை நகர்த்தலில் முடியும் என்று அட்டவணை காட்டியதையும் சொல்ல வாயெடுத்தேன்.

“அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா” என்றார்.